வீங்கிய மண்ணீரலுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் தட்டணு ஏறுமா?

கேள்வி: 8 ஜனவரி 2024

அப்பாவுக்கு 64 வயது. ஈரல் சுருக்கம் என்று கண்டுபிடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மண்ணீரல் 17 செ.மீ. நீளத்துக்கு வீங்கியிருக்கிறது. தட்டணு (இரத்தத்தை உறைய வைக்கும் அணு) 42,000, வெள்ளையணு 2,300. மண்ணீரல் அளவுக்கு மீறி வேலை செய்கிறது, வருகிற அணுக்களையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்கிறார்கள். அதை எடுப்பது ஆபத்து என்றும் அவர்களே சொல்கிறார்கள். கதிர்வீச்சு கொடுத்தால் சுருங்கிவிடும், கத்தியே வேண்டாம் என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறதா? இருந்தால் நிரந்தரமாகச் சரியாகுமா?

பதில்: 8 ஜனவரி, மாலை

இருக்கிறது. எனக்கே இரண்டு சுற்று கொடுத்திருக்கிறார்கள். முதல் சுற்றில் எட்டுத் தடவை. தொடக்கத்தில் ஒவ்வொரு தடவையும் 50 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). மூன்றாம் தடவைக்குள் வலி போய்விட்டது. விலா எலும்புக்குக் கீழே 18 செ.மீ. இறங்கிக் கிடந்தது 9 செ.மீ. ஆனது. உறவினர் சொன்னது கட்டுக்கதை இல்லை. மருத்துவரிடம் கேளுங்கள்.

8 ஜனவரி, இரவு 11 மணி

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். தூக்கம் போய்விட்டது. இரண்டு பிழைகள்.

சின்னது முதலில். 50 கிரே இல்லை, 50 சென்டிகிரே. அதாவது அரை கிரே. ஒரே தடவையில் வயிற்றுக்கு 50 கிரே வாங்கியிருந்தால் இந்தத் திருத்தத்தை எழுத ஆள் இருந்திருக்காது. முப்பது ஆண்டுகள் அச்சுப்பிழை திருத்திப் பிழைத்தவள் நான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பெரிய பிழை, உங்கள் கேள்வியின் இரண்டாம் வரியிலேயே இருந்த 'ஈரல் சுருக்கம்' என்ற சொல்லை நான் தாண்டிப் போனது. எனக்கு ஈரல் சுருக்கம் இல்லை. எனக்கு இருப்பது மயலோஃபைப்ரோசிஸ், எலும்பு மஜ்ஜை நார்பிடித்துப் போகும் நோய். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் வயிற்றின் இடப்பக்கம் ஒரே மாதிரி பாறைபோல இருக்கும். உள்ளே இருப்பது வேறு வேறு. நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் யாரிடமும் போய்க் கதிர்வீச்சு கேட்டுவிடாதீர்கள்.

9 ஜனவரி

மண்ணீரலின் சாதாரண எடை 150 முதல் 200 கிராம். நீளம் 11, 12 செ.மீ.; இடப்பக்கம் ஒன்பதாம் விலாவுக்கும் பதினொன்றாம் விலாவுக்கும் நடுவே ஒளிந்திருக்கும். நலமாக இருப்பவரின் வயிற்றை அழுத்திப் பார்த்தால் பெரும்பாலும் கைக்கே தட்டுப்படாது. இரத்தத்தைச் சலிக்கிற சல்லடை அது. கிழடான சிவப்பணுவைப் பிடித்து உடைக்கும், கிருமிகளைப் பிடிக்கும், உடம்பில் உள்ள தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கை எப்போதும் தன்னிடம் இருப்பு வைத்திருக்கும்.

சல்லடை பெரிதானால் இருப்பும் பெரிதாகும். மிகப் பெரிய மண்ணீரல் தட்டணுக்களில் பத்தில் ஒன்பது பங்கைக்கூடத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும். மஜ்ஜை ஒழுங்காக உற்பத்தி செய்துகொண்டிருக்கும். பரிசோதனைக்கு எடுத்த இரத்தத்தில் மட்டும் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். மிகைச்செயல் என்பது இதுதான். புதிதாக அது எதையும் செய்யவில்லை. செய்துகொண்டிருந்ததையே பேராசையோடு செய்கிறது.

ஆனால் அது ஏன் பெரிதானது என்பதில்தான் உங்கள் அப்பாவும் நானும் பிரிகிறோம்.

என் மஜ்ஜையில் நார் மண்டி இரத்தம் உற்பத்தியாக இடமில்லாமல் போனது. இரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்கள் அங்கிருந்து கிளம்பி மண்ணீரலில் குடியேறி, அங்கே அடுப்பு மூட்டிவிட்டன. என் மண்ணீரல் செல்களால் நிரம்பி வீங்கியது. இந்த வகைச் செல்கள் கதிருக்குச் சட்டென்று சாகிறவை. வெள்ளையணுவில் ஒரு வகையான நிணநீரணுக்களும் அப்படித்தான், மற்ற செல்கள் பல, பிரியும் சமயத்தில்தான் கதிரின் அடியை உணரும், நிணநீரணு அதுவரைகூடக் காத்திருக்காது. அதனால்தான் நாள்பட்ட நிணநீரணு இரத்தப் புற்றிலும், மண்ணீரலில் வரும் சில வகை லிம்போமாக்களிலும் (நிணநீர்ப் புற்று), எனக்கு வந்த நோயிலும் மிகச் சிறிய அளவு கதிருக்கே மண்ணீரல் இறங்கிக்கொடுக்கிறது. திடக் கட்டிகளுக்கு நாளுக்கு 2 கிரே வீதம் மொத்தம் 50, 60 கிரே வரை போவார்கள். மண்ணீரலுக்குத் தடவைக்குக் கால் முதல் ஒரு கிரே, வாரம் இரண்டு மூன்று தடவை. மொத்தம் பெரும்பாலும் பத்து கிரேயைத் தாண்டாது.

உங்கள் அப்பாவின் மண்ணீரல் நிரம்பியது இரத்தத்தால். மண்ணீரலிலிருந்து வரும் சிரை, கல்லீரலுக்குள் நுழையும் பெரிய சிரையில் போய்ச் சேருகிறது. கல்லீரல் வடுப்பட்டு இறுகிவிட்டால் அந்த வழியில் அழுத்தம் ஏறும். இரத்தம் பின்வாங்கித் தேங்கும். மதகு அடைத்துக்கொண்டால் ஏரி கரைக்கு மேல் வருகிற மாதிரி. ஏரித் தண்ணீரின்மேல் எந்தக் கதிரை அடித்து என்ன பயன்? அடைப்பு இருக்கிற இடம் கல்லீரலில். ஈரல் சுருக்க நோயாளிகளின் மண்ணீரலுக்கும் கதிர் கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அது வழக்கமான வழியாக நிலைபெறவில்லை. காரணம் எனக்கு விளங்கிய வரை இவ்வளவுதான்.

இன்னொன்று. கல்லீரல்தான் மஜ்ஜையைத் 'தட்டணு செய்' என்று தூண்டும் திரோம்போபொயட்டின் என்ற சுரப்பைப் பெரும்பாலும் உண்டாக்குகிறது. கல்லீரல் நலிந்தால் ஆணையே குறைந்துவிடும். ஆக 42,000 என்ற அந்த எண்ணுக்கு மண்ணீரல் மட்டுமே குற்றவாளி இல்லை. அதை அடித்துச் சுருக்கினாலும் பாதி வழக்கு பாக்கியிருக்கும்.

9 ஜனவரி, சற்றுப் பிறகு

ஏரி உவமை எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. தேங்கிய மண்ணீரல் வெறும் தண்ணீர்த் தொட்டி இல்லை. அழுத்தம் நீடித்தால் உள்ளே திசுவும் பெருகும், நாரும் படியும். அப்போதும் பெருகுவது கதிருக்கு எளிதில் மசிகிற செல்கள் மட்டும் இல்லை. உவமையைப் பாதி நம்புங்கள்.

11 ஜனவரி

"படுத்தால் என்ன செய்வார்கள், வலிக்குமா" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு என் நோயே. அப்படியென்றால் இது அவருக்கு உதவும்.

2021இல் எனக்கு 63 வயது. மண்ணீரல் தொப்புளைத் தாண்டி வலப்பக்கம் எட்டிப் பார்த்தது. நான்கு வாய்க்கு மேல் இறங்காது, இரைப்பையை அது நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இடப்பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. பாவாடை நாடாவைக் கட்ட இடம் கிடையாது. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

ருக்சோலிடினிப் மாத்திரை இரண்டு ஆண்டுகள் நன்றாக வேலை செய்தது. பிறகு தட்டணு இறங்க இறங்க அளவைக் குறைத்தார்கள். குறைத்ததும் மண்ணீரல் மறுபடி தலை தூக்கியது. அறுவை மருத்துவர் என் படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படங்களைப் பார்த்தார். "இதை நான் எடுக்கமாட்டேன்" என்றார். இந்த நோயில் இவ்வளவு பெரிய மண்ணீரலை எடுக்கும்போது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை அறுவையை ஒட்டியே இறந்துவிடுகிறார்கள். இரத்தப்போக்கு, தொற்று, சிரையில் உறைவு. வெளிப்படையாகச் சொன்னதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை.

கதிருக்கு முதலில் ஸ்கேன் எடுத்து வரைபடம் போட்டார்கள். மல்லாந்து படுக்க வேண்டும், கைகள் தலைக்கு மேலே. மண்ணீரலின் ஓரத்தை விரலால் தடவித் தடவி வயிற்றில் மையால் கோடு இழுத்தார்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு திசையிலிருந்து கதிர். சரியாகப் படுக்க வைக்கப் பத்து நிமிடம் ஆகும். கதிர் பாய்கிற நேரம் ஒரு பக்கத்துக்குப் பத்து வினாடிகூட இருந்திருக்காது. இயந்திரம் ஒரு முறை முனகும், எல்லோரும் உள்ளே வந்து "முடிந்தது, எழுந்திருங்கள்" என்பார்கள். முதல் நாள் நான் நம்பவில்லை. ஏதோ கெட்டுப்போய் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வலி கிடையாது, சூடு கிடையாது, தோல் கருக்கவில்லை. இவ்வளவு சிறிய அளவில் கருக்காது. இரண்டாம் தடவைக்குப் பிறகு ஒரு நாள் முழுக்கக் குமட்டல். இரைப்பை பக்கத்திலேயே இருக்கிறதே. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள், நின்றது. இடச் சிறுநீரகமும் கதிர் போகும் வழியில்தான் இருக்கிறது. மொத்தம் இரண்டு மூன்று கிரே என்றால் அதற்குப் பெரிய கேடில்லை என்றார்கள். யூரிக் அமிலம் ஏறாமல் இருக்க அல்லோபூரினாலும் நிறையத் தண்ணீரும். செல்கள் கூட்டமாகச் சாகும்போது கழிவு சிறுநீரகத்தின் தலையில்தான் விழும்.

உண்மையான பயம் வேறொரு அறையில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் காலையில் இரத்தம் எடுப்பார்கள், எண்ணிக்கை வரும்வரை நாற்காலியில் உட்கார வேண்டும். எண் சரியாக இருந்தால் உள்ளே. இல்லாவிட்டால் வீட்டுக்கு. மூன்று தடவை முடிந்ததும் தட்டணு 61,000இலிருந்து 38,000க்கு இறங்கியது. ஒரு வாரம் நிறுத்தினார்கள். பிறகு 50 சென்டிகிரேயை 25 ஆக்கி மீதி ஐந்தையும் கொடுத்தார்கள். மொத்தம் 275 சென்டிகிரே. சிகிச்சை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இந்த முறை பிழை இல்லை.

11 ஜனவரி, இன்னும் ஒன்று

ஐந்தாம் தடவையின்போது மண்ணீரலின் விளிம்பு பழைய மைக்கோட்டுக்கு நான்கு விரற்கடை மேலே போயிருந்தது. பணியில் புதிதாக வந்திருந்த இளைஞர் பழைய கோட்டுக்கே குறி வைக்கப் பார்த்தார். "தம்பி, அது அங்கே இல்லை" என்றேன். சிரித்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டார். அவர் தொட்டுப் பார்த்துக் கோட்டை மாற்றினார். சுருங்கிய பிறகும் பழைய எல்லைக்கே கதிர் விட்டால் வீணாகக் குடல்தான் வாங்கிக்கொள்ளும். வாயைத் திறந்து சொல்லுங்கள்.

12 ஜனவரி

"கதிர் கொடுத்தால் தட்டணு ஏறும் என்று தலைப்பே கேட்கிறது, உங்களுக்கு இறங்கியது என்கிறீர்களே" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல மடக்கு.

மஜ்ஜை திடமாக இருந்து, குற்றம் மண்ணீரலிடம் மட்டுமே இருந்தால், சுருங்கிய பிறகு தட்டணு ஏறலாம். சிலருக்கு ஏறியும் இருக்கிறது. என் நிலை வேறு. என் மண்ணீரல் திருடனாகவும் இருந்தது, சமையற்காரனாகவும் இருந்தது. மஜ்ஜை ஓய்ந்துபோன உடம்பில் கொஞ்சநஞ்சம் அணு உற்பத்தி அங்கேதான் நடந்தது. கதிர் இருவரையும் சேர்த்து அடித்துவிட்டது. அதோடு பெரிய மண்ணீரல் வழியாக எந்த நேரமும் ஏராளமான இரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் மட்டும் கொடுத்தாலும் இரத்தம் முழுவதும் அதன் கணக்கைக் காட்டும்.

எனக்குக் கதிர் கொடுத்தது தட்டணுவுக்காக இல்லை. வலிக்காகவும், சாப்பிட முடியாமைக்காகவும். அதை முதல் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

14 ஜனவரி

விடுமுறை, சும்மா இருக்க முடியாமல் பழைய வரலாற்றைத் தோண்டினேன். ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895இல். எட்டே ஆண்டுகளில், 1903இல், சிகாகோவின் நிக்கோலஸ் சென் என்ற அறுவை மருத்துவர் இரத்தப் புற்று நோயாளி ஒருவருக்கு எக்ஸ் கதிர் காட்டி மண்ணீரல் சுருங்கியதை எழுதிவிட்டார். எவ்வளவு கதிர் போகிறது என்று ஒழுங்காக அளக்கவே தெரியாத காலம் அது. கிரே என்ற அலகு வந்ததே 1975இல். அதற்கு முன் ராட். ஒரு சென்டிகிரே என்பது அந்தப் பழைய ஒரு ராட். அதனால்தான் மூத்த மருத்துவர்கள் இன்னமும் சென்டிகிரேயிலேயே பேசுகிறார்கள்.

அடுத்த ஐம்பது ஆண்டுகள் நாள்பட்ட மயலாய்டு இரத்தப் புற்றுக்கு மண்ணீரலில் கதிர் கொடுப்பதுதான் முதன்மையான சிகிச்சை. 1953இல் பியூசல்ஃபான் மாத்திரை வந்தது. கதிரா மாத்திரையா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நேருக்கு நேர் ஒப்பிட்டு 1968இல் வெளியிட்டபோது மாத்திரை வாங்கியவர்களே கூடுதல் நாள் வாழ்ந்திருந்தார்கள். 2001இல் இமாடினிப் என்ற புது மாத்திரை வந்து அந்த மாத்திரையையும் ஓரங்கட்டியது. என் நோய்க்கு அந்த மாதிரி அதிர்ஷ்டம் வரவில்லை. ஜாக்2 மரபணுப் பிறழ்வை 2005இல் கண்டார்கள், அதைக் குறிவைத்து ருக்சோலிடினிப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மண்ணீரலைச் சுருக்குகிறது, நோயைத் துடைத்தெடுக்கவில்லை. அதனால் 1903இன் வைத்தியம் என் போன்றவர்களுக்காக மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

15 ஜனவரி

சம்பந்தமில்லாத குறிப்பு. பயந்தால் 'ஈரல்குலை நடுங்கியது' என்கிறோம். நெஞ்சு உருகுகிறது, வயிறு எரிகிறது, குடல் கருகுகிறது, பித்தம் தலைக்கு ஏறுகிறது. மண்ணீரலுக்கு என்று ஒரு பழமொழிகூடக் கிடைக்கவில்லை. பேரைக் கேட்டால் கல்லீரலின் ஏழைத் தம்பி மாதிரி இருக்கிறது. கவனிக்க ஆளில்லாத கோபத்தில்தான் வீங்குகிறதோ என்னவோ.

17 ஜனவரி

ஒரு திருத்தம். 11ஆம் தேதிக் குறிப்புக்குப் பதிலாக ஒருவர் "கதிரில் மண்ணீரல் உள்ளேயே இருக்கிறது, அதனால் எடுத்தவர்களுக்குப் போடுகிற தடுப்பூசிகள் வேண்டாம்தானே" என்று தனியாகக் கேட்டிருந்தார். நான் 'வேண்டாம்' என்று பதில் எழுதிவிட்டேன். தவறு. என் பழைய அறிக்கைகளைத் தேடிப் பார்த்தேன்; முதல் சுற்றுக்கு முன்பே நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் மூன்றுக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள். மறந்தே போனேன்.

மண்ணீரல் இருக்கிறது என்பதற்காக அது காவல் காக்கிறது என்று பொருளில்லை. கதிர் பட்ட மண்ணீரல், நோய் தின்ற மண்ணீரல், இரண்டுமே தூங்கிப்போகக்கூடும். வேறு புற்றுக்காகப் பெரிய அளவுக் கதிர் மண்ணீரலில் விழுந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் திடீரென்று கடும் தொற்று வந்திருக்கிறது. காவல் குறைந்ததை ஓரளவு காட்டும் தடயம் இரத்தத் துளியிலேயே உண்டு: சிவப்பணுவுக்குள் மிச்சம் கிடக்கும் சின்னக் கரும்புள்ளிகள். நல்ல மண்ணீரல் அவற்றை நோண்டி எடுத்துவிடும். ஹவல்–ஜாலி புள்ளிகள் என்று பெயர். பெயரில் மட்டும்தான் ஜாலி. என் 2022 அறிக்கையில் இருக்கிறது.

காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் அன்றே மருத்துவமனை. காலை விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

21 ஜனவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "அப்பாவுக்கு வேறு வழியே இல்லையா?" என்கிறார். நான் மருத்துவர் இல்லை. மூன்று ஆண்டுகளாக நோயாளிகளோடு காத்திருப்பு நாற்காலிகளில் கேட்டதையும் படித்ததையும் சொல்கிறேன்.

முதலில், 42,000 என்ற எண்ணுக்கு வைத்தியம் செய்யத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். ஈரல் சுருக்கக்காரர்கள் பலர் அந்த எண்ணிக்கையோடு இரத்தம் கசியாமல் ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறார்கள். பல் பிடுங்க வேண்டும், திசு எடுக்க வேண்டும் என்று ஏதாவது வரும்போதுதான் எண் முக்கியமாகிறது. அந்த மாதிரிச் சமயத்துக்கென்றே சில நாட்கள் மட்டும் சாப்பிடும் மாத்திரைகள் 2018இல் அனுமதி பெற்றன: அவாட்ரோம்போபாக், லூசுட்ரோம்போபாக். மஜ்ஜையைத் தூண்டித் தட்டணுவை ஏற்றும். சிரையில் உறைவு வருமா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

அடுத்து, தமனி வழியாகக் குழாய் விட்டு மண்ணீரலின் ஒரு பகுதிக்குப் போகும் இரத்தத்தை அடைப்பது. மண்ணீரலில் பாதி, அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான பகுதி பட்டுப்போகும், மீதி வேலை செய்யும். உங்கள் அப்பா மாதிரியானவர்களுக்குக் கதிரைவிட இதைத்தான் அதிகம் செய்கிறார்கள். ஆனால் லேசான காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலியும் காய்ச்சலும் ஒரு வாரம் படுத்தும். அளவுக்கு மீறி அடைத்தால் சீழ்க்கட்டி வரும். கல்லீரல் மிகவும் நலிந்தவருக்குத் தொடவே மாட்டார்கள்.

கல்லீரல் மாற்று செய்துகொண்டவர்கள் பலருக்கு மண்ணீரல் தானாகச் சுருங்கித் தட்டணு ஏறுகிறது. மதகு திறந்தாகிவிட்டதல்லவா. 9ஆம் தேதி என் உவமையைப் பாதிதான் நம்பச் சொன்னேன், இங்கே அது கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது.

உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் இருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பி பார்த்தார்களா? தட்டணு எண்ணைவிட எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. இரத்த வாந்தி எடுக்க வைப்பது பெரும்பாலும் அந்தச் சிரைகளின் அழுத்தம். இதை நீங்கள் சொல்லவே இல்லை.

2 பிப்ரவரி

தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகைக்குக் கதிர் உண்டா, மகளுக்கு 19 வயது என்று ஒரு தாய். 19 வயதுக்குக் கதிரை யாரும் எளிதில் நீட்டமாட்டார்கள் அம்மா. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக் கதிராலேயே புற்று வரக்கூடும் என்ற கணக்கு இளையவர்களுக்குப் பெரிது. எனக்கு அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று புரிந்தபோது சிறிது நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலசீமியாவில் போதுமான அளவு, ஒழுங்கான இடைவெளியில் இரத்தம் ஏற்றினாலே மண்ணீரல் அவ்வளவு வீங்குவதில்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.

மலேரியாவால் வீங்கியது என்றால் மலேரியாவுக்கு மருந்து. கோஷே நோயென்றால் குறைகிற நொதியை ஊசியாகப் போடுகிறார்கள். காரணம் தெரியாமல் வீக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதிர் கேட்டு வருகிறவர்களுக்கு இனி நான் பதில் எழுதப் போவதில்லை, முதலில் காரணத்தை எழுதுங்கள்.

3 பிப்ரவரி

நேற்று கடுமையாக எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஆனால் என்னிடமும் ஒரு கணக்குப் பாக்கி. முதல் குறிப்பில் 'இரண்டு சுற்று' என்று பெருமையாக எழுதிவிட்டு, இது வரை முதல் சுற்றின் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வென்ற ஆட்டத்தை மட்டும் சொல்கிற ஆள் மாதிரி.

முதல் சுற்றின் பயன் ஏழு மாதம் நின்றது. இந்த நோயில் ஆறு மாதம் என்பதுதான் பொதுவான கணக்கு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்ததற்கு நான் என்னவோ சாதித்த மாதிரி இருந்தேன். அந்த ஏழு மாதம் பொய்யில்லை. இடப்பக்கம் திரும்பிப் படுத்தேன். தட்டில் வைத்ததை முழுதும் சாப்பிட்டேன். ஒரு நாள் வேகமாக நடந்து பஸ்ஸைப் பிடித்தேன்.

பிறகு ஒரு விடியற்காலையில் இடத் தோளில் குத்தல். தோள் சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மண்ணீரலின் ஒரு துண்டு இரத்தம் போகாமல் செத்துக்கொண்டிருந்தது. உதரவிதானத்தை உரசும்போது வலி தோளில் தெரியுமாம். மண்ணீரல் வீங்கியவர்களுக்கு இடத் தோள் வலித்தால் எண்ணெயைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள். மண்ணீரலே கிழிந்தாலும் அதே இடத்தில்தான் வலிக்கும்.

இரண்டாம் சுற்று, 2022. ஐந்து தடவை, 25 சென்டிகிரே வீதம். ஆறு என்று திட்டமிட்டார்கள், ஆறாவதைக் கொடுக்க முடியவில்லை. தட்டணு 22,000. மூக்கிலிருந்து நாற்பது நிமிடம் இரத்தம் நிற்கவில்லை. இரண்டு முறை தட்டணு ஏற்றினார்கள். முதல் முறை ஏற்றிய மறுநாள் எண்ணினால் 27,000. ஏற்றியதில் பெரும் பங்கை மண்ணீரலே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது. எண்ணிக்கை பழைய இடத்துக்கு வர பதினொரு வாரம் ஆனது. அந்தப் பதினொரு வாரமும் வீட்டில் யாரும் என்னைக் கத்தி எடுக்க விடவில்லை. மண்ணீரல் சுருங்கியது மூன்று செ.மீ. பயன் நின்றது நான்கு மாதம்.

என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அதே நோய், அதே மாதிரி அளவு, எண்ணிக்கை மீளவே இல்லை. அவரைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், 2021க்குத் திரும்பிப் போகச் சொன்னால் முதல் சுற்றை மறுபடி எடுத்துக்கொள்வேன். 2022க்குப் போகச் சொன்னால் தெரியவில்லை. ஒரு நாள் ஒரு பதில் வருகிறது.

4 பிப்ரவரி

"ஒவ்வொரு சுற்றும் பலவீனமாகும் என்கிறீர்களா" என்ற கேள்விக்கு: எனக்கு அப்படி ஆனது. நான்கு ஐந்து சுற்று வாங்கி ஒவ்வொன்றிலும் பலன் கண்டவர்களும் இருக்கிறார்கள். என் ஒரு வயிற்றை வைத்துச் சட்டம் போட வேண்டாம். இன்னொரு கேள்வியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: கதிர் கொடுத்த பிறகு மண்ணீரலை எடுக்க வேண்டி வந்தால் அறுவையின்போது இரத்தப்போக்கு ஆபத்து கூடுகிறது. எடுக்கக்கூடிய உடம்பு என்றால் அதைப் பற்றிய பேச்சு கதிருக்கு முன் நடந்துவிட வேண்டும்.

19 பிப்ரவரி

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி. எண்டோஸ்கோப்பியில் இரண்டு சிரைகள் பெரிதாகப் புடைத்திருந்தன, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டார்கள். கதிர்வீச்சு பற்றிக் கேட்டதற்குக் கல்லீரல் மருத்துவர் "யார் சொன்னது?" என்றாராம். உறவினர் பெயரைச் சொல்லவில்லையாம், என் பெயரையும் சொல்லவில்லையாம். தட்டணு 44,000. அதை அப்படியே விட்டுவிட முடிவு. அப்பா மாடிப்படி ஏறுகிறார், வீட்டில் எல்லோரையும் திட்டுகிறார்.

23 பிப்ரவரி

என்னுடையதைக் கேட்டவர்களுக்கு. விலாவுக்குக் கீழே 16 செ.மீ. தட்டணு 41,000. மூன்றாம் சுற்று வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்பே மருத்துவர் சொல்லிவிட்டார். தட்டணு 50,000க்குக் கீழே இருப்பவர்களுக்கென்றே 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பக்ரிடினிப் என்ற மாத்திரைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். வயிற்றுப்போக்கு வரும் என்று எச்சரித்தார். வரட்டும், அதற்கும் ஒரு நாற்காலி இருக்கும்.

வரும் புதன்கிழமை காலை எட்டரைக்கு இரத்தம் எடுக்கிறார்கள்.

23 பிப்ரவரி, இரவு

புதன் இல்லை, வியாழன்.